நல்லாப் பழகின பிள்ளை திரும்ப ஏன் உடுப்போட போகுது?

ரெண்டரை வயசுப் பிள்ளை ஒண்டு பம்பர்ஸ் இல்லாம நல்லா சமாளிச்சுக்கொண்டிருக்கும், சலம் வந்தா ஓடிவந்து சொல்லும், தானாப் போய் பொட்டியில இருக்கும், பிறகு பார்த்தா ஒரு கிழமைக்குள்ள எல்லாம் தலைகீழா மாறி ஹோலில, கட்டில்ல, அம்மம்மான்ர மடியில எண்டு கண்ட இடத்தில போகத் தொடங்கும். திருகோணமலைல எங்கட வீடுகளில இதுக்கு முதல்ல வாற சொல்லு "பிடிவாதம்", அடுத்தது "செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு". ரெண்டுமே பிள்ளைக்குச் செய்யிற அநியாயம் எண்டுதான் நான் நினைக்கிறன், ஏனெண்டா உள்ளுக்க நடக்கிற விசயம் வேற.

சலப்பையின்ர வாயில ரெண்டு வளையத்தசை இருக்கு. உள்ளுக்க இருக்கிறது தானா இயங்கும், வெளியில இருக்கிறதைத்தான் நாங்கள் நினைச்சு இறுக்கலாம், விடலாம். சலப்பை நிரம்பி சுவர் இழுபடேக்க நரம்பு வழியா முள்ளந்தண்டுக்குப் போய், அங்க இருந்து மூளைத்தண்டில இருக்கிற ஒரு சின்ன இடத்துக்குச் செய்தி போகும். 1925 இல பரிங்டன் எண்டவர் பூனைகளை வைச்சு அந்த இடத்தைக் கண்டுபிடிச்சதால இண்டைக்கும் அதுக்கு அவரின்ர பேர்தான். அந்த இடம் "விடு" எண்டா சலப்பை சுருங்கும், வளையம் தளரும், முடிஞ்சுது. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 20 தரம் சலம் போறது இப்பிடித்தான். பழக்குறது எண்டு நாங்கள் சொல்றது, நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைப்பகுதி அந்த இடத்துக்கு "இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு" எண்டு சொல்லப் படிக்கிற வேலை. உடம்பில கடைசியா முதிர்ச்சி அடையிற பகுதிகளில அதுவும் ஒண்டு, 20 வயசு தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளைகளின்ர சலப்பைக்கு ஒரு கணக்கு இருக்கு, வயசோட 2 ஐக் கூட்டி 30 ஆல பெருக்கினா எத்தினை மில்லிலீட்டர் பிடிக்கும் எண்டு வரும், அப்ப ரெண்டு வயசுக்கு 120 மில்லிலீட்டர், ஒரு பிளேன்டீ கப்பும் நிரம்பாது.

அதால அந்தப் புதுப் பழக்கத்துக்கு பிள்ளை முழுக் கவனத்தையும் குடுக்கவேண்டிக் கிடக்கு. வீட்டுக்கு தங்கச்சிப் பாப்பா வந்தா, தை மாசம் நேசரி தொடங்கினா, காய்ச்சல் வந்தா, வீடு மாறினா அந்தக் கவனம் எல்லாம் வேற பக்கம் போயிடும். நிலாவெளிக் கடற்கரையில மண்ணை அள்ளி விளையாடுற பிள்ளைக்கு சலப்பை அனுப்புற செய்தி உறைக்கிறதே கடைசி நிமிசத்தில, அந்த நேரம் கக்கூஸ் தேடி எங்க ஓடுறது. இப்பிடி வாறது பெரும்பாலும் கொஞ்ச நாளில தானா சரிவரும், பழகினது அழிஞ்சுபோறேல்ல.

ஆனா கிழமைக்கணக்கா இழுபட்டா நான் முதல்ல பார்க்கச் சொல்றது பிள்ளையின்ர வயித்தைத்தான். மலச்சிக்கல். எங்கட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில பிள்ளை வேர்த்துக் கொட்டும், குடிக்கிற தண்ணி காணாது, உடம்பு தண்ணியை மிச்சம் பிடிக்க பெருங்குடல் மலத்தில இருந்து அதை உறிஞ்சி எடுக்கும், மலம் கல்லாகிடும். அதோட சோறு சாப்பிடுதில்லை எண்டு போத்தல் போத்தலா பால்மா கரைச்சுக் குடுத்தா பசியும் போய் மரக்கறி, பழமும் உள்ளுக்க போகாது. ஒரே ஒரு நாள் கக்கா போகேக்க நொந்தாலே காணும், அடுத்த தரம் பிள்ளை அடக்கும்.

அடக்கிற பிள்ளையைக் கிட்ட நிண்டு பாருங்கோ. கதவுத்திரைக்குப் பின்னால போய் நிக்கும், பெருவிரல்ல எம்பும், காலைப் பின்னும், குண்டியை இறுக்கும், முகம் சிவக்கும். கன பேர் இதைப் பார்த்து "முக்குது" எண்டு நினைக்கிறது, உண்மையில அது வெளிய வரவிடாம இறுக்கிப் பிடிக்கிறது. உள்ள நிண்ட மலம் இன்னும் காயும், மலக்குடல் பெருத்து இழுபடும், இழுபட்ட குடலுக்கு "நிரம்பீட்டுது" எண்ட உணர்ச்சி குறையும். பிறகு கட்டியா நிக்கிற மலத்தைச் சுத்தி இளகின மலம் கசிஞ்சு ஜட்டியில படும், பிள்ளைக்கே தெரியாது, அம்மா வயித்தோட்டம் எண்டு நினைச்சு அதுக்கு மருந்து குடுப்பா. பெருத்த குடல் முன்னால இருக்கிற சலப்பையையும் அமத்துறதால சலமும் ஒழுகும். சலத்தையும் மலத்தையும் இறுக்கிறதுக்கும் விடுறதுக்கும் இடுப்புக்குக் கீழ இருக்கிற ஒரே தசைக்கூட்டம்தான், ரெண்டுக்கும் நரம்பும் முள்ளந்தண்டின்ர ஒரே பகுதியில இருந்துதான் வருது, அதால சலத்துக்கு ஒரு மருந்து, மலத்துக்கு ஒரு மருந்து எண்டு பிரிச்சுப் பார்க்கிறதில அர்த்தமில்ல.

இந்த இடத்திலதான் ஏச்சும் வெருட்டும் நேரா உடம்பில வேலை செய்யுது. பயந்தா தசை இறுகும். தளர்ந்தாத்தான் சலமும் மலமும் போகும், கொமட்டுக்குப் பக்கத்தில தடியோட ஒராள் நிண்டா எந்தத் தசை தளரும்? நனைஞ்ச ஜட்டிக்கு அடி வாங்கின பிள்ளை அடுத்த நாள் ஒளிஞ்சு போகப் பழகும், பிறகு அடக்கப் பழகும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெரி பிரேசல்ட்டன் 1962 இல 1,170 பிள்ளைகளின்ர பதிவுகளை வெளியிட்டவர், பிள்ளை ஆயத்தமாகிற வரைக்கும் பொறுத்து, மறுத்தா நிப்பாட்டி, பிறகு தொடங்கின முறை அது. அந்தப் பிள்ளைகள் பகல்ல முழுசாப் பழகின சராசரி வயசு 28.5 மாசம். நிப்பாட்டுறதால ஒண்டும் கெட்டுப்போறேல்ல, ரெண்டு மூண்டு கிழமை திரும்ப பம்பர்ஸ் போட்டாலும் பரவாயில்ல.

இன்னொண்டு, காலைப் பாருங்கோ. மலக்குடலைச் சுத்தி ஒரு தசை கயிறு மாதிரி வளைச்சு இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருக்கு, குந்தி இருக்கேக்க அது தளர்ந்து பாதை நேராகும். பெரியாக்களின்ர கொமட்டில கால் தொங்க, விழுந்திடுவன் எண்ட பயத்தில ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது தளராது. காலுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டூல் வையுங்கோ, முழங்கால் இடுப்பை விட உயர இருக்கட்டும், நிலத்தில வைக்கிற பொட்டி எண்டா இன்னும் நல்லம். சாப்பாடு வயித்துக்குள்ள போனதும் பெருங்குடல் தானா அசையத் தொடங்கும், அதால காலமச் சாப்பாடு முடிஞ்சு இருபது, முப்பது நிமிசத்தில ஒரு அஞ்சு நிமிசம் இருத்திப் பாருங்கோ, வந்தாலும் சரி வராட்டியும் சரி எழும்ப விடுங்கோ. தண்ணி, பப்பாப்பழம், கீரை குடுங்கோ, பாலை நாளுக்கு அரை லீட்டருக்குள்ள வையுங்கோ. உடுப்பு நனைஞ்சா "பரவாயில்ல, வாங்கோ மாத்துவம்" எண்டதோட கதையை முடியுங்கோ.

ராவில படுக்கை நனையிறதை இதோட சேர்க்காதேங்கோ, அது ராவில சலத்தைக் குறைக்கிற ஹோமோனும் நித்திரை ஆழமும் சம்பந்தப்பட்டது, 5 வயசிலயும் நூறில பதினைஞ்சு பிள்ளைகள் அளவில படுக்கையில போகும்.

சலம் போகேக்க எரிஞ்சா, காய்ச்சல் வந்தா, மலத்தில ரத்தம் கண்டா, சலம் சொட்டுச் சொட்டா வந்தா பொறுத்திருக்காதேங்கோ. வழமைக்கு மாறா தண்ணி கேட்டு, அடிக்கடி சலம் போய், மெலியத் தொடங்கினா அண்டைக்கே காட்டுங்கோ, அது நீரிழிவா இருக்கலாம். மலச்சிக்கல் எண்டா கிளினிக்கில மிட்வைஃப் அக்காட்டச் சொல்லி டொக்டரைப் பாருங்கோ. அவர் லக்டுலோஸ் மாதிரி ஒரு பாணி தருவார், அது குடலுக்குள்ள தண்ணியை இழுத்து வைச்சு மலத்தை இளக்கும். கன பேர் ரெண்டு கிழமையில மலம் இளகினதும் போத்தலை மூடி வைச்சிடுவினம், ஆனா பெருத்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாசக்கணக்கு எடுக்கும், இடையில விட்டா திரும்ப அதே இறுக்கம் வரும். எப்ப குறைக்கிறது எண்டதை டொக்டரே சொல்லட்டும்.