நூறில் ஒரு மகால்

திருமலை நாயக்கர் மகாலை 1:100 அளவில் கையாலேயே செய்துபார்க்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அளவெடுத்து, நூறால் வகுத்து, வெட்டி ஒட்டினால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். பாதி வேலை ஆன பிறகுதான் தெரியும், நூறில் ஒன்றாகச் சுருங்க ஒப்புக்கொண்டது நீளம் மட்டும்தான் என்று. பரப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். கனஅளவும் அதோடு சேர்ந்து எடையும் பத்து லட்சத்தில் ஒன்றாகும். பெயின்ட்டின் தடிமன், மரத்தின் நார், பிளேடு போகும் தடம், பார்க்கிறவரின் கண் இவையெல்லாம் சுருங்கவே சுருங்காது. மாதிரி செய்கிறவரின் திறமை பெரும்பாலும் இந்த ஒட்டாத கணக்குகளைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது.

மகால் கட்டப்பட்ட ஆண்டு 1636 என்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1638-இல், இத்தாலியில் வீட்டுக்காவலில் இருந்த கலிலியோவின் கடைசி நூல் ஹாலந்தில் அச்சானது. அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று இதுதான்: சிறிதாகச் செய்தால் உறுதியாக நிற்கும் ஒன்று, அதே வடிவத்தில் பெரிதாகச் செய்தால் ஏன் தன் எடையாலேயே உடைகிறது? மதுரைக் கொத்தனார்களுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு தூணின் எடை அதன் கனஅளவைப் பொறுத்தது. அதைத் தாங்குவது அடியிலுள்ள குறுக்குவெட்டுப் பரப்பு. எல்லாவற்றையும் நூறு மடங்கு பெரிதாக்கினால் எடை பத்து லட்சம் மடங்கு ஏறும், தாங்கும் பரப்போ பத்தாயிரம் மடங்குதான் ஏறும். ஆக, அடியில் விழும் அழுத்தம் நூறு மடங்காகும். திருப்பிப் பார்த்தால், அதே பொருளில் செய்த நம் மாதிரித் தூண் நிஜத் தூணைவிட நூறு மடங்கு சொகுசாக நிற்கிறது. தெர்மாகோல் கோபுரமும் அட்டை மண்டபமும் கொலுப்படியில் ஜம்மென்று நிற்பதன் ரகசியம் இதுதான். அந்த நிற்பை வைத்து நிஜக் கட்டடத்தின் உறுதியைப் பற்றி எதுவும் முடிவு செய்துவிட முடியாது.

எதுவுமே என்று சொன்னது கொஞ்சம் அதிகம். இங்கேதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் வருகிறது.

மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி, அதாவது 52 மீட்டர். அந்த உயரத்துக்கு முழுக்கக் கருங்கல்லாலேயே ஒரு தூணை நிறுத்தினாலும், அடியில் வரும் அழுத்தம் கருங்கல் நொறுங்கும் அளவில் நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். கல்லுக்கும் செங்கல்லுக்கும் நசுக்கப்படுவது பெரிய பிரச்சினையே இல்லை. இழுக்கப்படுவதும் வளைக்கப்படுவதும்தான் பிரச்சினை. இரண்டு தூண்களுக்கு மேல் படுத்திருக்கும் கல் உத்தரத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுவையில் இருக்கிறது; கல் இழுவையைத் தாங்காது. உத்தரம் நீள நீள, அதன் எடையால் வரும் இழுவையும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் கல் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன. ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பதற்கு அழகும் பக்தியும் காரணமென்றால், கல்லின் இந்தப் பலவீனமும் ஒரு காரணம்.

மகாலைக் கட்டியவர்கள் வேறு வழியில் போனார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைவு எழுப்பினார்கள். சரியாக அமைந்த வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டே இருக்கும். இழுவைக்கு வேலையே இல்லை. அப்படிப்பட்ட கட்டடம் விழுந்தால், பெரும்பாலும் பொருள் நொறுங்கி விழுவதில்லை, வடிவம் பிசகித்தான் விழும். வடிவத்துக்கோ அளவு பற்றிய கவலை கிடையாது. ஒட்டுப்பசை இல்லாமல், வெறும் துண்டுகளை அடுக்கிக் கட்டிய சிறு வளைவு நிற்கிறது என்றால், அதே விகிதத்தில் பெரிய வளைவும் நிற்கும். ஆக, மாதிரி உத்தரங்களைப் பற்றிப் பொய் சொல்லும், வளைவுகளைப் பற்றி உண்மை சொல்லும்.

1675-இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை ஒரு சங்கிலியில் அடக்கினார். இரண்டு முனையையும் பிடித்துச் சங்கிலியைத் தொங்கவிட்டால் அது எந்த வடிவம் எடுக்கிறதோ, அதைத் தலைகீழாக்கினால் நிற்கக்கூடிய வளைவு கிடைக்கும். 1740-களில் ரோம் புனித பேதுரு ஆலயக் குவிமாடத்தின் விரிசல்கள் கவலை தந்தபோது போலேனி என்ற அறிஞர் எடை கட்டிய சங்கிலியைத் தொங்கவிட்டுத்தான் அது விழாது என்று சொன்னார். மகாலுக்கும் இதைச் செய்துபார்க்கலாம். வளைவை நேர் எதிரே நின்று படமெடுத்து, தலைகீழாகச் சுவரில் ஒட்டி, அதன் மேல் மெல்லிய சங்கிலி ஒன்றைத் தொங்கவிடுங்கள். சங்கிலி வளைவின் ஓரத்தை அப்படியே ஒட்டிப் போகாது, போகவும் வேண்டாம். உள்விளிம்பில் இருக்கும் பூவிதழ் போன்ற நெளிவுகள் அலங்காரம்தான். கட்டுமானத்தின் கனத்துக்குள் எங்கேயாவது சங்கிலி அடங்கிப் போனால் போதும். வளைவுக்கு மேலிருக்கும் சுவரின் பாரத்துக்கு ஏற்பச் சங்கிலியிலும் அங்கங்கே சின்ன எடைகளைக் கட்ட வேண்டும், அதை மறந்தால் விடை தப்பாகும்.

சரி, அளவெடுப்பதற்கு வருவோம். மகாலை எடுத்துக்கொண்டதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. வீரவசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பின், 2018 மார்ச் முதல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. மகாலில் நிதானமாக நின்று படமெடுக்கலாம். தூணின் குறுக்களவைத் தெரிந்துகொள்ள டேப்பை அதைச் சுற்றிப் பிடித்து 3.14-ஆல் வகுத்தால் போதும். ஒரு ஆள் கைக்குள் அடங்காத தூண்கள் என்பதால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கூட ஒருவர் வேண்டும். உயரத்துக்குப் பள்ளிக்கூடப் பாகைமானியின் நடுவில் நூலும் ஒரு நட்டும் கட்டிக்கொள்ளலாம். தூணின் உச்சி சரியாக 45 பாகையில் தெரியும் இடம் வரை பின்னால் நகர்ந்தால், அங்கிருந்து தூண் வரையுள்ள தூரத்தோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் தூணின் உயரம். லேசர் அளவுகோல் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். இருந்தாலும் ஒருமுறை இப்படிச் செய்தால் கட்டடம் மனதில் தங்கும்.

எந்தக் காலத்து மகாலைச் செய்வது என்பது அடுத்த கேள்வி. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பல பகுதிகள் பிரித்து எடுக்கப்பட்டன. 1792-இல் மதுரைக்கு வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பார்த்தது இடிபாடுகளைத்தான். பிறகு, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுது பார்த்தார்கள். அதற்கு முந்தைய நிலைக்குச் சாட்சி, 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதுரையில் எடுத்த புகைப்படங்கள். ஒரு நேர்மையான புகைப்படத்திலிருந்து அளவை மீட்க முடியும்: இணையாக ஓடும் விளிம்புகளைக் கோடு போட்டு நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும், அப்படிப்பட்ட புள்ளிகள் தெரிந்துவிட்டால் கேமரா நின்ற இடம் பிடிபடும். அப்புறம் இன்றும் மாறாமல் நிற்கும் ஒரே ஒரு தூணின் அளவு போதும், படத்திலுள்ள மற்றவற்றைக் கணக்குப் போடலாம். ஓவியத்தில் இந்த வித்தை பலிக்காது. ஓவியர் மரத்தை நகர்த்துவார், தூணையும் கொஞ்சம் நகர்த்துவார்.

செய்யத் தொடங்கினால் தூண்கள்தான் பெரிய தலைவலி. மகாலில் 248 தூண்கள் என்று சொல்வது வழக்கம். ஒன்றைச் செதுக்கி அச்செடுத்து வார்ப்பதே உத்தமம். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களின் வழியும் அதுதான். ஆனால் களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை போகலாம். பொம்மைக்கு அது பெரிய விஷயமில்லை. 15 செ.மீ. தூண் எட்டு சதவீதம் சுருங்கினால் 1.2 செ.மீ. குறையும், நிஜக் கணக்கில் ஓர் ஆளின் இடுப்பளவு உயரம் காணாமல் போகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இதற்கு நேர்மாறு. ஜிப்சத்தை 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டிய பொடி அது. தண்ணீர் சேர்ந்ததும் இழந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்த ஊசிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் இறுகும்போது துளி விரியும், அதனால்தான் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்புகிறது. தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீர் ஊற்றினால் காற்றுக்குமிழி வரும். ஒரு மில்லிமீட்டர் குமிழி, மகாலின் தூணில் பத்து செ.மீ. குழி. ஒல்லியான தூண் உடையாமல் இருக்க உள்ளே இரும்புக் கம்பி வைத்தால் துருவின் கறை சில மாதங்களில் வெளியே தெரியும். ஈர்க்குச்சி போதும்.

தூண்களை வரிசையாக நிறுத்தும்போது முந்தைய தூணிலிருந்து அளந்து அடுத்ததை வைக்கவே கூடாது. ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. ஒரே பக்கமாகப் பிசகினால் இருபதாவது தூணில் 4 மி.மீ. ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே மூலையிலிருந்து அளந்தால் பிழை சேராது.

நுணுக்கம் எவ்வளவு வேண்டும்? இதில் அளவுக்கு மீறிப் போய்க் காலத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ., 30 மீட்டரில் 9 மி.மீ. 1:100 மாதிரியை 30 செ.மீ. தள்ளிப் பார்ப்பதும், நிஜக் கட்டடத்தை 30 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே கணக்கு. எனவே முற்றத்தின் மறுகோடியில் நின்றால் உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதைச் செய்யுங்கள். அங்கிருந்து தெரியாததை விட்டுவிடுங்கள். தெற்குக் கோபுரத்தைச் செய்கிறவருக்கு இந்த விதி பெரிய ஆறுதல். ஆளுயரச் சுதைச் சிற்பம் மாதிரியில் ஒன்றரை செ.மீ.க்குச் சற்று மேல். அதற்குக் கைவிரல் ஐந்தையும் செதுக்கிக் காட்ட வேண்டாம், கை எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அந்தக் கோபுரத்தின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் லேசாக உள்வாங்கி ஏறுகிறது. அதை விட்டுவிட்டு முகங்களைத் தீட்டிக்கொண்டிருந்தால் எந்த ஊர்க் கோபுரம் என்றே தெரியாமல் போகும். பெயின்ட் ஒரு பூச்சு 0.1 மி.மீ. தடிமன் என்றால் நிஜத்தில் ஒரு செ.மீ. சாந்து. நாலு பூச்சு போட்டால் சிலைகள் எல்லாம் போர்வை போர்த்திக்கொள்ளும்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்கள் கோயில்களைச் செய்யும் அந்த வெள்ளைத் தக்கை, நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டு. மெல்லிய சுவர் கொண்ட உயிரணுக்கள், உள்ளே காற்று. எடையே இல்லாததும், ஒளியைச் சிதறடித்துச் சாயமில்லாமலேயே வெண்மையாகத் தெரிவதும் அதனால்தான். மழுங்கிய கத்தி அந்தச் சுவர்களை வெட்டாமல் நசுக்கிவிடும். மரத்தைப் போலக் கண்ணை உறுத்தும் நார்வரி இல்லை என்பதால் சிறிய அளவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

முடித்த மாதிரியை எங்கே வைப்பது? கண்காட்சிகளில் முழங்கால் உயர மேசையில் வைத்துக் கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். காக்கைக்குத் தெரியும் மதுரைதான் நமக்கும் தெரிகிறது. மனிதக் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரம் என்றால், மாதிரியில் 1.6 செ.மீ. அதன் தரை உங்கள் கண்ணுக்கு 1.6 செ.மீ. மட்டும் கீழே வர வேண்டும். கோபுரத்தின் நிலைகள் மேலே போகப் போகச் சிறுத்து உயரத்தைக் கூட்டிக்காட்டும் தந்திரம் அப்போதுதான் வேலை செய்யும்.

வெளிச்சமும் அப்படியே. வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகை. ஆகவே 10 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் 9 செ.மீ. மங்கியிருக்கும், மாதிரியில் 10 செ.மீ. தள்ளி விழும் நிழலின் ஓரம் 0.9 மி.மீ. மங்கும். நூறால் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். நீளத்துக்கு அடுத்து ஒழுங்காகச் சுருங்கும் பொருள் வெயில் நிழல்தான். டியூப்லைட் நாலடி நீளம் என்பதால் அதன் கீழே நிழலே குழைந்துபோய் மாதிரி பொம்மையாகத் தெரியும். செல்போனில் எடுத்த படம் பெரிய கேமராவில் எடுத்ததைவிட நிஜம்போல இருப்பதற்கும் அளவுதான் காரணம்: 25 மி.மீ. திறப்புள்ள லென்ஸ் மாதிரியின் உலகத்தில் இரண்டரை மீட்டர் அகலக் கண். அதற்கு முன்தூண் தெளிந்தால் பின்தூண் மங்கும்.

எனவே மாதிரியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நிஜ மகால் எந்தத் திசை பார்க்கிறதோ அதே திசையில் திருப்பி வையுங்கள். அதே ஊர், அதே சூரியன். அந்த நேரத்தில் மகாலின் முற்றத்தில் எந்தத் தூணின் நிழல் எதுவரை நீண்டிருக்கிறதோ, உங்கள் மாதிரியிலும் அதே தூணின் நிழல் அதே இடம் வரை நீண்டிருக்கும். மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நேர் உச்சிக்கு வரும். தூண்களுக்கு அப்போது நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். வளைவுகளின் ஆழத்தைப் படத்தில் காட்ட மார்கழிக் காலை வெயிலே நல்லது. சித்திரை வெயிலில் மாடியில் வைத்தால் அட்டை ஒரு பக்கம் காய்ந்து வளைந்துவிடும்.