தெருவில் போடுவது மழைநீர் வடிகால். கழிவுநீர் இணைப்பு வேறு

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் சில வருடங்களாகத் தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டி கான்கிரீட் கால்வாய் கட்டுகிறார்கள். அதைப் பாதாள சாக்கடை என்று நினைப்பவர்கள் நிறைய. அது மழைநீர் வடிகால். கொசஸ்தலை ஆற்று வடிநிலத்துக்காக, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் சென்னை மாநகராட்சி செய்யும் வேலை. 2021-ல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. 588 கிலோமீட்டருக்குப் புது வடிகால், 175 கிலோமீட்டர் பழைய வடிகாலைச் சீரமைப்பது, 3 புது நீரேற்று நிலையங்கள் என்பது திட்டம்.

நம் பகுதி தட்டைத் தரை. கடல் மட்டத்தை ஒட்டியது. கடல் ஏறும் நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வாங்காது. அதனால்தான் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியைத் திறந்தபோது மணலி புதுநகர் வெள்ளத்தில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

இந்த வடிகாலில் வீட்டுக் கழிவுநீரை விட்டால் இரண்டு கேடு. அடியில் சேறு படிந்து வடிகாலின் ஆழம் குறையும். அடைமழையில் அதே கறுப்புத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வரும். மிச்சம் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை வழியாகக் கழிமுகத்தில் போய்ச் சேரும். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் அவர்கள் பிழைப்பை ஏற்கெனவே பாதி தின்றுவிட்டன. நம் வீட்டுக் குழாயும் அதோடு சேர வேண்டாம்.

தெருவில் மெட்ரோ வாட்டரின் (சென்னைக் குடிநீர் வாரியத்தின்) பாதாள சாக்கடை இருந்தால், இணைப்பு கேட்பது உங்கள் உரிமை. 'அழைத்தால் இணைப்பு' திட்டத்தில் 044-45674567 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். உங்கள் பகுதி அலுவலகத்திலும் நேரில் கேட்கலாம். சொத்து வரி ரசீதைக் கையோடு கொண்டு போங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். 'இல்லந்தோறும் இணைப்பு' திட்டத்தில் அதற்கு வழி உண்டு.

சாக்கடைக் குழாய் வராத தெருக்களில் செப்டிக் டேங்க்தான் கதி. சுத்தம் செய்ய 14420-ஐ அழையுங்கள். வரும் லாரிக்கு உரிமம் இருக்க வேண்டும். வடிகாலிலோ ஆற்றிலோ கொட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், மறுபடி செய்தால் 50,000 ரூபாய் அபராதம். கொட்டுவதைப் பார்த்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள்.

எவ்வளவு அவசரமானாலும் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். அபாயகரமான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரர் சொல்லித்தான் இறங்கினார் என்றால் அந்த வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.