வரிசை எண்ணை நம்பிக் கிட்டாரின் வயதை முடிவு செய்யாதீர்கள்

கைமாறி வந்த மின்கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களில் பலர், வரிசை எண்ணை இணையத்தில் தேடி அதன் ஆண்டை முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண் எந்தப் பாகத்தின் மேல் இருக்கிறதோ அந்தப் பாகத்துக்கு மட்டுமே சாட்சி என்பதை அவர்களுக்கு விளக்குவதிலேயே என் வேலையின் முதல் அரைமணி நேரம் கழிகிறது.

அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் கிட்டார்களில் ஏறத்தாழ 1954 முதல் 1976 வரை வரிசை எண், கழுத்தை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டது. திருகாணிகளைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய தகடு அது! பின்னர் எண் தலைப்பகுதிக்கு இடம் மாறி, 'எஸ்' எழுபதுகளையும் 'இ' எண்பதுகளையும் 'என்' தொண்ணூறுகளையும் குறித்தது. ஆனால் 'இ4' என்று தொடங்கும் எண்கள் 1984க்குப் பின்னும் பயன்பட்டதால், அதை 1984 என்று அப்படியே படிப்பது தவறாகலாம். இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனில் 1977 முதல் 2005 வரையிலான பெரும்பாலான எட்டிலக்க எண்கள் இவற்றைவிடத் தெளிவானவை: முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் ஆண்டையும், நடுவிலுள்ள மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சொல்லும். 82765520 என்றால் 1985ஆம் ஆண்டின் 276ஆம் நாள், அதாவது அக்டோபர் 3. அறுபதுகளின் கிப்சன் எண்களோ எழுபதுகளில் மீண்டும் பயன்பட்டவை. தலையின் பின்புறம் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்ற முத்திரை இருந்தால் அது 1970க்கு முந்தையதன்று என்று கொள்ளலாம்.

எனக்கு அதிகம் உதவுவது உள்ளே இருக்கும் வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்கள்தான், அதாவது ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களுக்கு அடியிலுள்ள மின்பாகங்கள். அவற்றின் முதுகிலுள்ள குறியீட்டில் முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தையும் (137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல்), அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். தகட்டிலுள்ள எண்ணை வைத்து 1972 என்று சொல்லி விற்கப்பட்ட, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் ஒன்றைத் திறந்தபோது, அதன் மூன்று பொட்டென்ஷியோமீட்டர்களிலும் 1377518 என்றிருந்தது: 1975, பதினெட்டாம் வாரம். வயர்களைப் பற்றவைத்த சால்டர் இணைப்புகள் எதுவும் பின்னாளில் தொடப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே அதன் தகடுதான் வேறொரு கிட்டாரிலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஆனால் இக்குறியீடு 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். ஃபெண்டர் 1966இல் பொட்டென்ஷியோமீட்டர்களைப் பெருமளவில் வாங்கி வைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், 1966 எனக் காட்டும் பாகம் 1969ஆம் ஆண்டுக் கிட்டாரிலும் இருக்கும். அந்தப் பாகத்தின் அடிப்பகுதியில் சால்டர் மங்கலாகவோ கூடுதலாக வழிந்தோ இருந்தால், பாகம் மாற்றப்பட்டதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வடிவம் ஒரு மாடலை உறுதிசெய்வதில்லை, தலையிலுள்ள பெயரும் அப்படியே. ஒட்டுப்படங்கள் தனியே கிடைக்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்து மூன்று திருகாணிகளில் நின்றது 1971 இறுதி முதல் 1981 வரைதான் என்பதால், 1968 என்று சொல்லப்படும் கிட்டாரில் மூன்று இருந்தால் அக்கூற்று அங்கேயே விழுந்துவிடும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள தேதியையும் உட்புற வயரிங்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழுத்தைக் கழற்றுவதானால் முதலில் தந்திகளைத் தளர்த்தச் சொல்லுங்கள், எந்த இணைப்பிலும் சால்டர் சூட்டுக்கோல் படக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.