வளரும் நாடுகளுக்கான சுற்றுச்சூழல் ட்ரெய்னிங்: தர்மபுரி, கிருஷ்ணகிரில இருந்து யாரெல்லாம் போகலாம், எப்படி போகலாம்

பாலக்கோடு பக்கத்துல குடிநீர் வேலை பாக்கற ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணி கேட்டான், "அண்ணா, ஜெர்மனில சுற்றுச்சூழல் மேலாண்மை ட்ரெய்னிங்னு ஒன்னு பாத்தேன், ஆனா வளரும் நாடுகளுக்குன்னு போட்டிருக்காங்க, அது ஆப்பிரிக்காக்காரங்களுக்கு தானே"ன்னு. இதே கேள்விய நிறைய பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க, அதனால எழுதிடலாம்னு உக்காந்தேன். இல்லங்க, நமக்கும் சேத்து தான். வெளிநாட்டு உதவிக்கு எந்தெந்த நாடு தகுதின்னு பணக்கார நாடுகள் வச்சிருக்கற பட்டியல்ல இந்தியா இருக்கு, அதனால "வளரும் நாட்டு நிபுணர்கள்"னு எங்க பாத்தாலும் பயந்து மூடிடாதீங்க, உள்ள போய் நாட்டு பட்டியல ஒரு தடவ பாருங்க.

அவன் பாத்தது ஜெர்மனில டிரெஸ்டன்ங்கற ஊர்ல இருக்கற தொழில்நுட்ப பல்கலைக்கழகத்துல சிப்செம்னு ஒரு மையம் நடத்தற ட்ரெய்னிங். 1977ல ஆரம்பிச்சது, அப்ப அது கிழக்கு ஜெர்மனி. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பும் யுனெஸ்கோவும் கூட்டு, காசு ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் குடுக்கறது. ரெண்டு வகை இருக்கு. ஒன்னு ஜனவரில ஆரம்பிச்சு ஆறு மாசம் போற நீளமான கோர்ஸ், இன்னொன்னு நாலு வாரம் மாதிரி குட்டி கோர்ஸ், அதுல தண்ணி, மண், கழிவு மேலாண்மை, காடும் பல்லுயிரும், நகரம்னு தலைப்பு மாறி மாறி வரும். ஒரு கோர்ஸுக்கு இருபது சொச்சம் பேர் தான், அதுவும் உலகம் முழுக்க இருந்து. தேர்வானா போக வர டிக்கெட், தங்கற இடம், படிப்பு செலவு, மாச உதவித்தொகை எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. கைல காசு இல்லாத வீட்டு புள்ளையும் போகலாம்ங்கறதுக்கு தான் இத முதல்ல சொல்றேன், ஏன்னா வெளிநாடுன்னாலே பத்து லட்சம் கடன் வாங்கணும்னு நம்ம ஊர்ல ஒரு பயம் இருக்கு.

தகுதி என்னன்னா சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட டிகிரி, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மாதிரி வேலை அனுபவம், இங்கிலீஷ் நல்லா பேசி எழுத வரணும், அப்புறம் வேலை செய்யற ஆபீஸ் உங்கள அனுப்ப சம்மதிக்கணும். சிவில் இன்ஜினியரிங், விவசாயம், வனவியல், வேதியியல், புவியியல் படிச்சவங்க எல்லாம் இதுக்குள்ள வருவாங்க. அரசு ஊழியர்க்கு முன்னுரிமை உண்டு, தொண்டு நிறுவனத்துல இருக்கறவங்களும் போடலாம், பெண்கள் அப்ளை பண்ணணும்னு அவங்களே தனியா கேட்டுக்கறாங்க. அந்தந்த வருஷம் என்ன கோர்ஸ், கடைசி தேதி என்னங்கறத டிரெஸ்டன் பல்கலைக்கழக தளத்துல பாத்துட்டு தான் வேலைய ஆரம்பிக்கணும், யாரோ வாட்ஸப்ல அனுப்பின பழைய நோட்டீஸ நம்பி உக்காராதீங்க.

இதே மாதிரி ஜைக்காவும் (JICA, ஜப்பான் அரசோட வெளிநாட்டு உதவி நிறுவனம்) நடத்துது. ஜைக்கா பேர் நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் புதுசு இல்ல, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 1,928.80 கோடி ரூபாய்க்கு வந்தது ஜப்பான் கடன்ல தான், 2013ல தொறந்தாங்க. ஜைக்கா ட்ரெய்னிங் அரசு ஆளுங்களுக்கு தான், நீங்களா நேரா அனுப்ப முடியாது, டெல்லில மத்திய பணியாளர் துறை சுற்றறிக்கை போடும், உங்க துறை வழியா பேர் போகணும். ஜெர்மனிலயே முழு முதுகலை படிக்கணும்னா டாட்ங்கற (DAAD) ஜெர்மன் கல்வி அமைப்போட உதவித்தொகை வேற இருக்கு, அதுக்கும் ரெண்டு வருஷ அனுபவம் வேணும், ஆனா டிகிரி முடிச்சு ஆறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. இந்த ஆறு வருஷக் கணக்குல நிறைய பேர் கோட்ட விட்டுட்டு அப்புறம் வருத்தப்படறாங்க.

ஐடெக்னு (ITEC) ஒன்னு கண்ணுல படும், அது நமக்கு இல்ல. அது 1964ல இருந்து இந்தியா மத்த நாட்டு ஆளுங்களுக்கு குடுக்கற ட்ரெய்னிங், வெளியுறவு அமைச்சகம் நடத்தறது. சென்னை பள்ளிக்கரணைல இருக்கற தேசிய காற்று சக்தி நிறுவனத்துக்கு இந்த திட்டத்துல ஆப்பிரிக்கா, ஆசியா நாட்டு இன்ஜினியர்ங்க வந்து காத்தாலை பத்தி படிச்சுட்டு போறாங்க.

சரி, பலகோடி பேர் இருக்கற நாட்டுல நம்ம பேர எதுக்கு எடுப்பாங்கன்னு கேக்கறீங்களா? இங்க தான் நான் கொஞ்சம் அழுத்தி சொல்லணும். அப்ளிகேஷன்ல ஏன் வரணும்னு ஒரு கடிதம் எழுத சொல்வாங்க, நம்ம ஆளுங்க அதுல "சுற்றுச்சூழல் பாதுகாப்பு இன்றைய உலகின் தேவை"ன்னு பள்ளிக்கூட கட்டுரை மாதிரி ஆரம்பிச்சுடறாங்க. அத படிக்கறவரு அப்படி நூறு கடிதம் படிச்சிருப்பாரு. நீங்க உங்க ஊர எழுதுங்க. பென்னாகரம் பக்கம் போர் போட்டா பாறைக்குள்ள இருந்து ஃப்ளோரைடு கலந்த தண்ணி தான் வருது, குடிநீர்ல லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு இந்திய தரக்கட்டுப்பாட்டுல இருக்கு, அதுக்கு மேல இருக்கற தண்ணிய வருஷக்கணக்கா குடிச்சு பல்லெல்லாம் காவி படிஞ்ச புள்ளைங்கள நாம ஸ்கூல்லயே பாத்திருக்கோம், காவேரி தண்ணி பைப்புல வந்தாலும் கோடைல பழைய போர் தண்ணிக்கே திரும்பிப் போற வீட்ட நான் பாத்திருக்கேன். இத ரெண்டு பாராவுல எழுதி, நான் இந்த லைன்ல இந்த வேலை பாக்கறேன், தண்ணி டெஸ்ட் இப்படி எடுக்கறோம், இந்த இடத்துல எனக்கு தெரியல, அத கத்துக்க வரேன்னு எழுதினா அது உண்மையான கடிதம்.

ஓசூர்காரங்களா இருந்தா கெலவரப்பள்ளி அணைய எழுதுங்க, பெங்களூரு கழிவு தென்பெண்ணைல கலந்து வந்து மதகுல வெள்ளையா நுரை பொங்கி ரோட்டு மேல எல்லாம் பறக்குது, அந்த தண்ணி தான் கீழ கிருஷ்ணகிரி அணைக்கும் வயலுக்கும் போகுது, ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல ஒரு ஆத்த எப்படி மேலாண்மை பண்றதுங்கறது உலகம் முழுக்க இருக்கற கேள்வி. வனத்துறைல இருக்கறவங்களுக்கு 2022ல அறிவிச்ச காவேரி தெற்கு சரணாலயம், தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி வயலுக்கு வர யானை. கல் குவாரி பத்தி வேலை செய்யறவங்களுக்கு ஒரு விஷயம், டிரெஸ்டனுக்கு பக்கத்துல லுசாஷியான்னு ஒரு பகுதி, அங்க நிலக்கரி தோண்டி முடிச்ச பெரிய பெரிய குழிகள்ல தண்ணி நெரப்பி ஏரிகளா மாத்தியிருக்காங்க. நம்ம கிருஷ்ணகிரில கிரானைட் எடுத்துட்டு அப்படியே விட்ட பள்ளத்த பாத்து வளந்த ஒருத்தர் அத நேர்ல பாத்துட்டு வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

இப்ப கஷ்டமான பகுதி, பேப்பர் வேலை. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, அரசு வேலை, தேர்வும் ஆயிட்டாங்க, ஆனா அவங்க ஆபீஸ்ல ஃபைல் ஒரு டேபிள்ல இருந்து இன்னொரு டேபிளுக்கு போகவே ஏழு வாரம் ஆச்சு, கோர்ஸ் ஆரம்பிச்ச பிறகு தான் என்ஓசி, அதாவது போக ஆட்சேபனை இல்லைன்னு ஆபீஸ் குடுக்கற கடிதம், கைக்கு வந்துச்சு. அவங்க அழுதது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே மேலதிகாரிகிட்ட எழுத்துல சொல்லி வைங்க, தேர்வான பிறகு சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க. ட்ரெய்னிங் காலத்த டூட்டியா எடுப்பாங்களா இல்ல லீவ் போடணுமா, சம்பளம் வருமா, திரும்பி வந்து இத்தனை வருஷம் வேலை செய்யணும்னு பாண்ட் உண்டா, இதெல்லாம் முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

பலருக்கு தெரியாத இன்னொன்னு இருக்கு. வெளிநாட்டு அரசோ நிறுவனமோ டிக்கெட், சாப்பாடு, தங்கற செலவு குடுத்தா அது சட்டப்படி வெளிநாட்டு விருந்தோம்பல். வெளிநாட்டு பங்களிப்பு ஒழுங்குமுறை சட்டம் 2010, 6வது பிரிவுப்படி அரசு ஊழியர், அரசு வாரியம், அரசு கழகத்துல வேலை செய்யறவங்க எல்லாரும் மத்திய உள்துறைகிட்ட முன் அனுமதி வாங்கணும். எஃப்சி 2ன்னு ஒரு படிவம், ஆன்லைன்ல தான், கூட அழைப்பு கடிதமும் உங்க துறையோட நிர்வாக ஒப்புதலும் வைக்கணும், பயணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது போய் சேரணும். ஐநா அமைப்பே நேரடியா செலவு குடுத்தா இது பொருந்தாது, ஆனா டிரெஸ்டனுக்கு காசு ஜெர்மன் அரசோடது, அதனால ஐநா பேர் மேல இருக்கேன்னு நினைச்சு விட்டுடாதீங்க. தனியார் கம்பெனி, தொண்டு நிறுவனம்னா இந்த அனுமதி தேவையில்ல.

விசால ஒரு வித்தியாசம் இருக்கு, நாலு வாரத்துக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவுக்கு கொஞ்ச நாள் போறதுக்கான விசா) போதும், ஆறு மாசத்துக்கு ஜெர்மனியோட தேசிய விசா, ரெண்டும் வேற வேற அப்ளிகேஷன், ரெண்டாவதுக்கு நேரம் அதிகம் எடுக்கும். பாஸ்போர்ட் இல்லாதவங்க இன்னைக்கே போடுங்க, அரசு ஊழியர்னா அதுக்கும் ஆபீஸ்ல ஒரு கடிதம் குடுக்கணும். பாலக்கோடு தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னேன், முதல் வேலையா அவனோட டிகிரி மார்க் ஷீட்ல அப்பா பேர் எழுத்து மாறியிருக்கறத திருத்த காலேஜ்க்கு போயிருக்கான்.