பனி கொட்டாத பனிப்புயல்

போன கிழமை ஒரு தம்பியின் கையுறையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். இழுத்துக் கழற்ற முடியவில்லை. உள்ளே நான்கு விரல்கள் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. கையைத் தட்டில் வைத்தபோது விரல் நுனி உலோகத்தில் பட்டு, மரக்குச்சி பட்டது போல ‘டக்’ என்று சத்தம் கேட்டது. இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்பது மூன்றாவது தடவை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவனிடம் கேட்டபோது, “எழுதுங்கோ அக்கா, வாறவங்களுக்கு உதவும்” என்றான்.

நான் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டில், ஹட்சன் குடாவின் மேற்குக் கரைப் பக்கம் உள்ள சின்ன ஊர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் தாதி. ஊரின் பெயர் வேண்டாம். இங்கே ஊரைச் சொன்னால் ஆளும் தெரிந்துவிடும். தம்பி ரொறன்ரோவில் இருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவன். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே 300 மீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் வழி தவறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அலைந்திருக்கிறான். இடையில் கையுறையைக் கழற்றிக் கைத்தொலைபேசியில் வரைபடம் பார்த்திருக்கிறான். கழற்றிய கையுறைக்குள் பனித்தூள் புகுந்து, கைச்சூட்டில் உருகி, பிறகு அப்படியே இறுகிவிட்டது. கடைசியில் ஒரு வீட்டின் எண்ணெய்த் தாங்கியில் மோதி, சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கதவைத் தட்டியதால் இன்று உயிரோடு இருக்கிறான்.

“ஸ்னோ கொட்டவே இல்லை அக்கா. மேல பார்த்தா நீல வானம். ராடரிலயும் ஒண்டும் இல்லை.”

இதே வசனத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! ஆசிரியர், கணக்காளர், மின் தொழிலாளி, என்னோடு வேலைக்கு வந்த ஒரு தாதிகூடச் சொல்லியிருக்கிறார். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிப்புயலுக்குப் பனி கொட்டத் தேவையில்லை. தெற்கில் நாம் பழகியது வேறு. அங்கே ஈரமான, கனமான ஸ்னோ கொட்டும். கொட்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அள்ளி ஒதுக்கினால் வேலை முடிந்தது. இங்கே மைனஸ் 30-இல் தரையில் கிடப்பது உப்பு மணல் மாதிரி உலர்ந்த தூள். கையில் பிடித்தால் உருண்டையாகாது. மரம் ஒன்றும் இல்லாத வெளி. காற்று எழுந்தால், போன மாதம் கொட்டிய பனியையே கிளப்பி வீசும். ‘பனிப்புயல்’ என்ற நம் சொல்லே ஆளை ஏமாற்றுகிறதோ என்று எனக்குத் தோன்றும். மணற்புயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள், மணலுக்குப் பதில் பனித்தூள். பாலைவனத்தில் மணற்புயல் அடிக்கும்போது வானத்திலிருந்து மணல் கொட்டுகிறதா என்று யாரும் கேட்பதில்லையே!

கனேடிய வானிலைத் துறையின் அளவுகோலைப் பாருங்கள். காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல், பார்வைத் தூரம் 400 மீற்றர் அல்லது அதற்குக் கீழ். மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு வடக்கே இந்த நிலை 6 மணித்தியாலமாவது நீடித்தால் அது பனிப்புயல். எத்தனை சென்ரிமீற்றர் ஸ்னோ என்ற பேச்சே அதில் இல்லை. சில நாட்களில் இந்தத் தூள் வீட்டுக் கூரை உயரத்துக்கு மட்டும் ஓடும். மேலே பறக்கும் விமானிக்குக் கோபுர நுனி தெரியும், ஓடுபாதை தெரியாது. நிலத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் நீல வானம் தெரியும், தன் சப்பாத்து தெரியாது. பெரும்பாலும் தாழமுக்கம் கடந்து போன பிறகுதான் வடமேற்குக் காற்று முழுப் பலத்தோடு விழும். வானம் வெளுத்துவிட்டது, நல்லதாகிவிட்டது என்று நீங்கள் வெளியே இறங்குவதும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது ராடர். கனேடிய வானிலை ராடர் வலையமைப்பின் ராடர் நுனாவுட்டில் ஒன்றுகூட இல்லை. மூன்று வடபிரதேசங்களிலும் இல்லை. உங்கள் செயலியில் எங்கள் ஊருக்கு மேலே வெறுமையாகத் தெரிகிற வரைபடம் ‘மழையும் இல்லை பனியும் இல்லை’ என்று சொல்லவில்லை. அங்கே பார்க்க ஒரு கண் இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஸ்கிடூவில் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஏறாதீர்கள், தயவுசெய்து.

அப்படியானால் எதைப் பார்ப்பது? காற்றைப் பாருங்கள். வெப்பநிலை எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுத்து “இன்றைக்கு மைனஸ் நாற்பது” என்று பெருமையாகச் சொல்வதும் அதைத்தான். காற்றில்லாத மைனஸ் 40-இல் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். தம்பி வழி தவறிய அன்று வெறும் மைனஸ் 26. ஆனால் காற்று மணிக்கு 65 கிலோமீற்றர். காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிரைச் சொல்லும் விண்ட் சில் கணக்குப்படி அது மைனஸ் 45. திறந்த தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையும். மைனஸ் 48-ஐத் தாண்டினால் 2 முதல் 5 நிமிடம்தான்.

காற்றின் வேகம், திடீர் வீச்சு, திசை மூன்றையும் பாருங்கள். பிறகு காற்று வரும் பக்கத்து ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரேங்கின் இன்லெட்டில் இருப்பவர் வடமேற்குக் காற்று வரும் நாளில் பேக்கர் லேக் விமான நிலைய அவதானிப்பைப் பார்க்கலாம். அங்கே பார்வைத் தூரம் விழுந்துவிட்டது என்றால் உங்களுக்கு அதிக நேரம் மிச்சம் இல்லை. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும், இந்த மண்ணின் பூர்வகுடியான இனுயிட் இனத்து அம்மா. அவருடைய அப்பா வேட்டைக்காரர். அந்த அம்மா காலையில் வந்ததும் ஜன்னல் வழியாக ஒரு குறிப்பிட்ட வீட்டுப் புகைபோக்கியைத்தான் முதலில் பார்ப்பார். புகை படுத்துவிட்டால், அன்றைக்கு வர வேண்டிய முதியவர்களை முற்பகலிலேயே வரச் சொல்லித் தொலைபேசி எடுப்பார். அவருடைய கணிப்புத் தவறியதை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த அறிவைச் சின்னதாக நினைக்க வேண்டாம். இக்லூலிக் பக்கத்து வேட்டைக்காரர்கள், வடமேற்குக் காற்று தரையில் செதுக்கி இறுக்கும் நாக்கு வடிவப் பனிமேடுகளை வைத்துத் திசை பிடிப்பார்கள். ‘உகலுரைட்’ என்று அவற்றுக்குப் பெயர். கண் தெரியாத வேளையில் காலாலேயே அந்த மேட்டின் போக்கை உணர்ந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. கடல் பனிக்கட்டியின் தடிப்பை அளக்கும் உணர்கருவியைச் சறுக்கு வண்டியில் இழுத்துப்போகும் ‘ஸ்மார்ட்ஐஸ்’ திட்டத்தை நெய்ன், பொண்ட் இன்லெட் போன்ற ஊர்களில் உள்ளூரவர்களே இயக்குகிறார்கள். சனிகிலுவாக்கில் உள்ள ஆர்க்டிக் ஐடர் சங்கம் 2019-இல் ‘சிகு’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. எங்கே பனிக்கட்டி மெலிந்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று போய்வந்தவர்களே அதில் பதிகிறார்கள். தெற்கிலிருந்து வந்த நாம் இதையெல்லாம் விட்டுவிட்டு, ராடர் இல்லாத இடத்தில் ராடர் படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு நம்பிக்கையும் என்னைத் தூங்கவிடுவதில்லை: “ஏதும் நடந்தால் விமானம் வரும்தானே.” வராது. நுனாவுட்டில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தெரு இல்லை. இக்காலுயிட், ரேங்கின் இன்லெட் இரண்டில் மட்டும் ஓடுபாதைக்குத் தார் போட்டிருக்கிறது, மற்றதெல்லாம் சரளைக்கல். எங்களைப் போன்ற நிலையங்களில் வைத்தியர் நிரந்தரமாக இருப்பதில்லை, தொலைபேசியில்தான் கதைப்போம். ரேங்கின் இன்லெட்டிலிருந்து, பெரிய வைத்தியசாலை உள்ள வினிபெக் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். பனிப்புயலில் நோயாளியை ஏற்ற வரும் மெடிவாக் விமானம் இறங்காது. அது யாருடைய அலட்சியமும் இல்லை. விமானியும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தம்பிக்கு விமானம் வர 43 மணித்தியாலம் ஆனது. கடும் பனிக்கடிக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. யூகோனின் வைட்ஹோர்ஸ் வைத்தியசாலை இலோபுரோஸ்ட் என்ற மருந்தைக் கொடுத்து விரல்களைக் காப்பாற்றிய அனுபவத்தை 2016-இல் மருத்துவ இதழில் வெளியிட்டது. ஆனால் அது முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்க வேண்டிய வைத்தியம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த 43 மணித்தியாலமும் நான் கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரல்கள் தப்பும் என்று சொல்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் காத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கைகள் இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு வருகின்றன. மஞ்சள்தானே என்று தள்ளிவிடாதீர்கள். எந்த நிறம் வந்தாலும் அதைக் காற்று எழும்புவதற்கு முந்தைய நாளின் வேலைப்பட்டியலாக எடுங்கள். புயல் தொடங்கிய பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. வீட்டுக்குள் இருப்பதுதான் வேலை.

தண்ணீர்த் தாங்கியை நிரப்பச் சொல்லுங்கள். கழிவுத் தாங்கியை வெறுமையாக்கச் சொல்லுங்கள், அது நிறைந்தால் குழாயிலும் தண்ணீர் நின்றுவிடும், புயலில் லொறி வராது. மருந்து ஐந்து நாளைக்குக் கையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறவர்கள், நீங்கள் “நாளைக்கு வாறன்” என்று சொல்லவே கூடாது. ஒவ்வோர் ஊருக்கும் தனியான டீசல் மின்நிலையம். பக்கத்து ஊரிலிருந்து மின்சாரம் இழுக்க முடியாது. 2015 ஏப்ரலில் பாங்னிர்டுங்கின் மின்நிலையம் எரிந்தபோது அந்த ஊர் அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. மின்சாரம் போனால் எண்ணெய் இருந்தும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடாது. அப்போது கோல்மன் முகாம் அடுப்பை வீட்டுக்குள் கொளுத்திக் குளிர் காயாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல் வந்தால் அது காய்ச்சல் இல்லை, கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. பனிமேடு ஃபர்னஸின் வெளிக்குழாயை மூடினாலும் இதுவே நடக்கும். காற்று ஓய்ந்ததும் முதலில் அதைத் தோண்டுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பற்றரியைக் கழற்றித் தொலைக்காட்சி ரிமோட்டில் போட்டிருந்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பிழைத்தது அருந்தப்பு.

ஊருக்கு வெளியே போகிறீர்களா? எங்கே, எந்தப் பாதையில், எப்போது திரும்புவது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். செய்மதிக் கருவி ஒன்றை ஊர் அலுவலகத்தில் இரவல் கேளுங்கள், பல ஊர்களில் கொடுப்பார்கள். ஸ்கிடூ நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு ஸ்கிடூதான் கண்ணில் படும், ஆள் படாது. தேடி வருகிறவர்கள் யார் தெரியுமா? ஊரின் தன்னார்வலர்கள். அவர்களும் அதே காற்றுக்குள்தான் வருகிறார்கள். ஊருக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் முதல் சுவரில் நில்லுங்கள், முதல் கதவைத் தட்டுங்கள். தெரியாத வீடு என்று கூச்சப்பட வேண்டாம். இங்கே புயல் நாளில் யாரும் கதவைத் திறக்காமல் இருந்ததில்லை.

உறைந்த விரலைத் தேய்க்காதீர்கள். பனியால் தேய்ப்பது பழைய பிழை, அது சதையைக் கிழிக்கும். அடுப்பில் காட்டாதீர்கள், மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. நிலையத்துக்கு வாருங்கள், 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் நாங்கள் வைப்போம். உருகியது மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. சாராயம் வேண்டாம்.

நடுங்குகிறவரைக் கண்டு பயப்படுவதைவிட, நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று உளறத் தொடங்கினால் பயப்படுங்கள். சிலர் சுடுகிறது என்று உடுப்பைக் கழற்றுவார்கள். அவரைப் படுத்த நிலையிலேயே, முட்டை தூக்குவதுபோல் மெதுவாகக் கொண்டு வாருங்கள். உலுக்கினால் இதயத் துடிப்பு குழம்பிவிடும். உயிரில்லை என்று நீங்களாக முடிவு கட்டவே கூடாது. 1999-இல் நோர்வேயில் அன்னா போகென்ஹோம் என்ற வைத்தியர் பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் தண்ணீரில் 80 நிமிடம் சிக்கினார். உடல் வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கியது. அவர் பிழைத்து மறுபடியும் வைத்தியராக வேலை பார்த்தார். உடம்பைச் சூடாக்கிப் பார்த்த பிறகுதான் நாங்களே முடிவு சொல்வோம்.

இதை எழுதி முடிக்கும்போது திங்கள் இரவு. புதன் காலை வடமேற்குக் காற்று 70, வீச்சு 90 என்று போட்டிருக்கிறது. புதன்கிழமை பிரசவத்துக்காக வினிபெக் போவதாக இருந்த 36 கிழமைக் கர்ப்பிணியை நாளை மதிய விமானத்துக்கு மாற்றிவிட்டோம். ஒக்சிஜன் இயந்திரத்தில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு இரண்டு சிலிண்டர் காலையில் போகிறது. மொழிபெயர்ப்பாளர் அம்மா நாளை பகல் ஊர் வானொலியில் இனுயிட் மொழியான இனுக்டிடுட்டிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொல்லப் போகிறார்: தண்ணீர் நிரப்புங்கள், மருந்து தீர்கிறவர்கள் 4 மணிக்கு முன் வாருங்கள், நிலையத்தின் பின்கதவு இரவு முழுக்கத் திறந்திருக்கும்.