மோடம்: ஏத்துறதும் இறக்குறதும்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைன்னு நம்ம டெல்டா பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் நெட்டு வர்ற பொட்டிக்கு ஒரே பேருதான், மோடம். கேபிள்காரர் வச்சிட்டுப் போனதும் மோடம், பைபர் இழுத்தப்ப செவுத்துல மாட்டுன வெள்ளைப் பொட்டியும் மோடம், கடையில வாங்குன வைபை ரௌட்டரும் மோடம். பேச்சுக்கு இது போதும். ஆனா "நெட்டு இழுக்குது, மோடத்த மாத்திடுவோம்"னு காச எடுத்துட்டுக் கிளம்புறப்பதான் இது செலவு வைக்கும், மாத்த வேண்டியது ஒண்ணா இருக்கும், வாங்கிட்டு வந்து நிக்கிறது இன்னொண்ணா இருக்கும். அதனால மொதல்ல அந்தச் சொல்ல பிரிச்சுப் பாத்துடுவோம்.

மோடம்ங்கிறது ஒட்டுச்சொல். மாடுலேட்டர், டீமாடுலேட்டர்னு ரெண்டு கருவியோட பேருலயும் முன்பாதிய மட்டும் வெட்டி ஒட்டுனது. இதுக்கு அடி லத்தீன்ல இருக்கு, மாடுஸ்னா அளவு, அதுலேர்ந்து வந்த வினைச்சொல்லுக்கு அளந்து ஒழுங்கு பண்றதுன்னும் அர்த்தம், தாளத்துக்கு அடங்கிப் பாடுறதுன்னும் அர்த்தம். மின்சாரம் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இது குரலுக்கும் பாட்டுக்கும் புழங்குன சொல். நாமளும் "குரல ஏத்தி இறக்கிப் பேசு"ன்னு சொல்றோம்ல, அதே விஷயம்தான்.

கருவியா இது வந்தது அமெரிக்காவுல 1950கள்ல, ராடார் தகவல டெலிபோன் லைன் வழியா அனுப்புறதுக்கு. 1958ல பெல்ங்கிற டெலிபோன் கம்பெனி 101னு ஒரு மோடம் விட்டாங்க, வேகம் நொடிக்கு 110 பிட், பிட்னா ஒரு ஒண்ணு இல்லன்னா ஒரு பூஜ்யம். 1962ல வந்த 103 நொடிக்கு 300 பிட். நம்ம நாட்டுல 1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல்ங்கிற அரசு கம்பெனி பொதுமக்களுக்கு இன்டர்நெட் குடுக்க ஆரம்பிச்ச காலத்துல டெலிபோன் லைன்ல டயல் பண்ணிதான் உள்ள போகணும், அப்ப கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அந்த வயசுக்காரங்க யாருக்கும் மறக்காது. அது கோளாறு சத்தம் இல்ல, ரெண்டு முனையில இருக்குற மோடமும் எந்த வேகத்துல பேசிக்கலாம்னு முடிவு பண்ற சத்தம். பண்பேற்றம்னா என்னன்னு காதாலயே கேட்ட தலைமுறை அது.

பண்பேற்றம்னு சொன்னேன்ல, அதுதான் நம்ம பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்துல மாடுலேஷனுக்கு இருக்குற தமிழ். டீமாடுலேஷன் பண்பிறக்கம். தகவல சுமந்துட்டுப் போற அலைக்குப் பேரு ஊர்தி அலை. இந்த மூணு சொல்லையும் சேத்துப் பாத்தா நம்ம ஊரு நெல் கொள்முதல் நிலையம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துடும். நெல்லு தானா குடோனுக்கு நடந்து போகாது, 40 கிலோ சிப்பமா கட்டி லாரியில ஏத்தணும், அங்க போயி இறக்கணும். கம்ப்யூட்டரோட ஒண்ணு, பூஜ்யமும் அப்படித்தான், அது அதுவா கேபிள்ல தூரம் போகாது, ஊர்தி அலையில ஏத்தி விடணும், வர்றத இறக்கி எடுத்துக்கணும். ரெண்டு வேலையையும் ஒரே பொட்டி பாக்குறதாலதான் ரெண்டு பேரையும் ஒட்டிட்டாங்க.

தமிழ்ல மோடத்துக்கு இணக்கின்னு ஒரு சொல் கலைச்சொல் பட்டியல்கள்ல புழங்குது. சின்னதா அழகாத்தான் இருக்கு, ஆனா அது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லல, எதையும் எதோடயும் சேத்து வைக்கிற எல்லாமே இணக்கிதானே. பண்பேற்றி பண்பிறக்கின்னு முழுசா சொன்னா அர்த்தம் கச்சிதமா வருது, நாக்குதான் ஒத்துக்காது. ஆங்கிலத்துக்காரன் வெட்டி ஒட்டுன மாதிரி நாமளும் வெட்டி ஒட்டி ஏற்றிறக்கின்னு வச்சா என்னங்கிறது என் ஆசை. ஏற்று, இறக்கு ரெண்டும் சேந்தா இலக்கணப்படி ஏற்றிறக்கின்னு சரியாவே புணரும், படிக்காத பெரியவங்களுக்கும் புரியும். ரௌட்டருக்கு திசைவின்னு நல்ல சொல் ஏற்கனவே நின்னுடுச்சு, எந்தத் தகவல் எந்தப் பக்கம் போகணும்னு திசை காட்டுறது அது. ஆக வெளியில இருந்து வர்றத இறக்கிக் குடுக்குறது ஏற்றிறக்கி, வீட்டுக்குள்ள போனுக்கும் டிவிக்கும் பிரிச்சு விடுறது திசைவி. ரெண்டும் ஒரே பொட்டியில இருந்தாலும் வேலை வேற வேற.

இப்ப கேபிள் மோடம். டிவிக்குன்னு இழுத்த கேபிள் ஒருவழிப் பாதை, அதுல நெட்ட ரெண்டு பக்கமும் ஓட வைக்கிறதுக்கு 1997ல அமெரிக்காவுல கேபிள்லேப்ஸ்ங்கிற கேபிள் கம்பெனிகளோட ஆராய்ச்சி அமைப்பு ஒரு விதிமுறை வெளியிட்டாங்க, பேரு டாக்சிஸ். 2006ல வந்த டாக்சிஸ் 3.0லதான் பெரிய மாத்தம், அதுவரைக்கும் ஒரே சேனல்ல, அதாவது ஒரே அலைவரிசையில, வந்த தகவல பல சேனலா பிரிச்சு ஒரே நேரத்துல அனுப்பலாம்னு ஆச்சு. ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல ஏறத்தாழ 38 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 38 மெகாபிட் (ஒரு மெகாபிட்னா பத்து லட்சம் பிட்) கிடைக்கும், அப்ப எட்டு சேனல் புடிக்கிற மோடம்னா 300 கிட்ட வரும். 2013ல 3.1 வந்துச்சு, அதுல ஒரு துடிப்புல 8 பிட் ஏத்துன இடத்துல 12 பிட் வரைக்கும் ஏத்தலாம். அப்கிரேடுன்னு பெட்டி மேல போட்டிருக்குறதுக்கு உள்ளர்த்தமே இதுதான், ஒரே கேபிள்ல ஒரு தடவைக்கு எவ்வளவு ஏத்தி இறக்க முடியுதுங்கிறது.

ஆனா அந்தப் பக்கம் ஏத்துறவரு கிட்டயும் அதே வசதி இருக்கணும். ஆபரேட்டர் வச்சிருக்குறது 3.0ன்னா நீங்க 3.1 வாங்கி மாட்டுனாலும் ஓடும், வேகம் 3.0 வேகம்தான். அதனால வாங்குறதுக்கு முன்னாடி அவருகிட்ட "அண்ணே, உங்க லைன் எந்த டாக்சிஸ், வெளி மோடம் போட்டா ஏத்துக்குவீங்களா"ன்னு கேட்டுடுங்க. ஏத்துக்கிட்டாலும் பொட்டிக்கு அடியில ஒட்டியிருக்குற மேக் அட்ரஸ, அதாவது அந்தப் பொட்டிக்கே உரிய அடையாள எண்ண, அவரு பதிஞ்சாதான் நெட்டு வரும், சும்மா சொருகுனா வராது. பழைய பொட்டியில நெட்டு ஒயர் சொருகுற லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்னா 200 பிளான் போட்டும் பிரயோஜனம் இல்ல, அதையும் பாத்துக்கணும்.

இன்னொண்ணு, இத நான் அழுத்தியே சொல்வேன். நம்ம ஊருல பாதி நேரம் கோளாறு மோடத்துல இல்ல, ஒயர்லதான். ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி உள்ள இறங்கிடும், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் உப்புக்காத்து வேற. மோடத்துக்குப் பின்னாடி இருக்குற கனெக்டர முறுக்கிக் கழட்டிப் பாருங்க, நடுக்கம்பி செம்பு நிறத்துல பளபளன்னு நேரா நிக்கணும், பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ வளைஞ்சிருந்தாலோ கறுத்திருந்தாலோ அந்த நுனிய வெட்டிட்டுப் புது கனெக்டர் போட்டாலே பாதிப் பிரச்சனை தீந்துடும். டிவிக்கும் நெட்டுக்கும் நடுவுல ஒயர ரெண்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் இருந்தா ஒவ்வொரு பக்கமும் சிக்னல் பாதிக்கும் கொறச்சலாத்தான் போகும், தேவையில்லாதத எடுத்துடுங்க. பிரவுசர்ல 192.168.100.1 அடிச்சா பெரும்பாலான கேபிள் மோடம் தன்னோட சிக்னல் அளவ தானே காட்டும், வர்ற பவர் பூஜ்யத்த ஒட்டி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஏழுக்குள்ள இருந்தா நல்ல லைன். இதெல்லாம் சரியா இருந்தும் இழுத்தாதான் புது மோடம் பத்தி யோசிக்கணும்.

பைபர் வீட்டுக்கு மேல சொன்ன டாக்சிஸ் கதை எதுவும் பொருந்தாது. அந்த வெள்ளைப் பொட்டிக்குப் பேரு ஓஎன்டி, கண்ணாடி இழையில வர்ற ஒளிய மின் துடிப்பா மாத்திக் குடுக்குறது, அது கம்பெனிக்காரர் பதிஞ்சு குடுத்த பொட்டியாத்தான் பெரும்பாலும் இருக்கும். கடையில போயி "மோடம் குடுங்க"ன்னு கேட்டு டாக்சிஸ் பொட்டிய வாங்கிட்டு வந்தா அத சொருக இடமே இருக்காது. சிக்னல் வரலன்னு காட்டுற லாஸ் (LOS) லைட்டு சிவப்பா எரிஞ்சா ஆபரேட்டர கூப்பிடுங்க, மாடியில வைபை சிக்னல் வரலன்னா திசைவிய மாத்துங்க.