வார்னிஷ் அடிக்கும் முன் ஒரு நிமிடம்

“கொஞ்சம் பளபளன்னு வார்னிஷ் அடிச்சுக் கொடுங்க.” எண்ணெய் வண்ண ஓவியங்களைச் செப்பனிடும் தொழிலில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பழைய காலத்து வழவழப்பான உருவப்படம் என்றால் சரி. தடித்த தூரிகைத் தீற்றல்களால் ஆன, அந்தக் கணத்து ஒளியைப் பிடிக்க முயலும் இம்ப்ரெஷனிச பாணி ஆற்றுக்காட்சி என்றால் நான் சம்மதிப்பதில்லை.

காரணம் புரிய, அந்தப் பாணியின் பிரெஞ்சு ஓவியர் மோனே 1872 வாக்கில் வரைந்த, பாரிஸுக்கு அருகிலுள்ள அர்ஜான்தேய் ஊரின் படகுப்போட்டிக் காட்சியைப் பாருங்கள். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் முக்கால் மீட்டர்தான். மேலே படகுகளின் வெளிர் நிறப் பாய்கள், கரையில் சிவந்த வீடு, பச்சை மரங்கள். கீழே செய்ன் ஆற்றில் அத்தனையும் துண்டு துண்டாக உடைந்து மிதக்கின்றன. பாயின் பிம்பம் என்பது தட்டைத் தூரிகையால் கிடைமட்டமாக இழுத்த சில பட்டைகள், இடையிடையே நீலம். சிவப்பையும் பச்சையையும் குழைத்து மங்கவிடாமல் அருகருகே வைத்திருக்கிறார். ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகிறது. கிட்டே போனால் வெறும் பெயின்ட். நாலடி பின்வாங்கினால் தண்ணீர் அசைகிறது.

இப்படிப்பட்ட பரப்பின் மேடுபள்ளமும் மங்கிய தன்மையும்தான் வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கின்றன. வார்னிஷ் பள்ளங்களில் தேங்கும், அடர்ந்த நிறங்களை இன்னும் கருக்கும். இயற்கைப் பிசின் வார்னிஷ் என்றால் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகிவிடும். அப்புறம் நீலம் பச்சை கலந்ததாகவும், நண்பகல் மாலையாகவும் தெரியும். அதே பாணி ஓவியர் பிஸாரோ 1880-இல் பிரான்சின் ஷப்போன்வாலில் வரைந்த நிலக்காட்சி ஒன்றின் பின்புறம், வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்றே எழுதி வைத்தார். ஆனாலும் அந்தக் காலத்து ஓவியங்கள் பலவற்றுக்கு, வரைந்தவர் கையைவிட்டுப் போன பிறகு யாரோ பூசிவிட்டார்கள். படம் வரைந்த துணிக்கு வலுவூட்ட, அதன் பின்னால் இன்னொரு துணி ஒட்டிச் சூட்டோடு அழுத்தியதில் தீற்றல்கள் நசுங்கிப்போனவையும் உண்டு.

வீட்டில் இருக்கும் படத்துக்கு ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், உருளைக்கிழங்குத் துண்டு எதுவும் வேண்டாம். பெயின்ட் உதிராமல் இருந்தால் மட்டும், உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். இம்ப்ரெஷனிச ஓவியர் ரெனுவார் 1883-இல் வரைந்த, இப்போது சிகாகோவில் உள்ள உருவப்படத்தில், சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் மட்டுமே அசல் சிவப்பு பிழைத்திருந்தது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிட்டது. கண்ணாடி போட்டே ஆக வேண்டுமென்றால், தடித்த தீற்றல்களில் உரசாதபடி இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள்.